மறந்துவிட்டார், மறந்துவிட்டீர்

ஆஸ்பத்திரி வராந்தாவிலும் வேலை போன வீட்டிலும் நம் சபையார் தவறாமல் எடுத்துச் சொல்லும் வசனம் ரோமர் 5:3, 4. உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்கும் என்று பவுல் எழுதியது. "பரீட்சை" என்று காதில் விழுந்ததும் கேட்பவருக்குப் பள்ளிக்கூட ஹால்தான் ஞாபகம் வரும். ஆண்டவர் கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், நாம் ஃபெயிலாகிவிடக் கூடாது. ஏற்கெனவே நொந்து கிடப்பவர் தலையில் இன்னொரு மூட்டை.

பவுல் அங்கே எழுதிய கிரேக்கச் சொல் தொகிமே. சோதித்துப் பார்த்துத் தேறின தன்மைக்கு அந்தப் பெயர். தட்டான் உரைகல்லில் உரசி "பொன்தான்" என்று சொல்லிவிட்ட பிறகு அந்த நகைக்கு வருகிற மதிப்பு மாதிரி. அதற்கு முந்தின சொல்லான பொறுமை, கிரேக்கத்தில் ஹுப்பொமொனே. பாரத்துக்கு அடியிலிருந்து ஓடிவிடாமல் அங்கேயே தங்குவது என்று அதன் கட்டமைப்பு. தமிழில் "பொறை" என்றாலே சுமை என்றும் பொருள் உண்டு. அந்த வகையில் பழைய மொழிபெயர்ப்பின் "பொறுமை" கச்சிதமாகவே விழுந்திருக்கிறது. வாயை மூடிக்கொண்டு, முகத்தில் ஒரு சிரிப்பையும் ஒட்டிக்கொள்வதுதான் பொறுமை என்பது பிற்பாடு நாமாகச் சேர்த்துக்கொண்ட அர்த்தம்.

இந்தச் சங்கிலி தானாக ஓடும் என்று நினைப்பதில்தான் பெரும்பாலும் தப்பு நடக்கிறது. கஷ்டப்பட்டவர்கள் எல்லாரும் பக்குவப்பட்டுவிடுவதில்லை. பாதிப்பேர் கசந்துபோகிறார்கள், அதை எந்தச் சபையிலும் பார்க்கலாம். இஸ்ரவேலர் நாற்பது வருஷம் நடந்தது ஒரே வனாந்தரம், தின்றது ஒரே மன்னா. அவர்களைப் பற்றி 106ஆம் சங்கீதம் 25ஆம் வசனம் சொல்வது, கூடாரங்களில் முறுமுறுத்தார்கள் என்று. "கூடாரங்களில்" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஆண்டவரைப் பற்றி, அவருக்குக் கேட்காது என்ற நினைப்பில், ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டார்கள். அதே வேதாகமத்தில் யோபு பேசியதும் எரேமியா பேசியதும் அதைவிடக் காரமானவை. ஆனால் அவர்கள் நேராக அவர் முகத்துக்கு முன்னால் பேசினார்கள். அதற்குப் பெயர் புலம்பல்.

முறுமுறுப்புக்கும் புலம்பலுக்கும் உள்ள தூரம் தமிழில் ஒரு விகுதிதான். "ஆண்டவர் என்னை மறந்துவிட்டார்" என்பது முறுமுறுப்பு. "ஆண்டவரே, என்னை மறந்துவிட்டீர்" என்பது ஜெபம். குற்றச்சாட்டு அப்படியே இருக்கிறது, ஒரு சொல்கூடக் குறையவில்லை. "ஆர்" போய் "ஈர்" வந்திருக்கிறது, அவ்வளவுதான். போராட்டத்தில் ஆவிக்குரிய வளர்ச்சி என்று சொல்வதில் பெரும்பகுதி இந்த விகுதி மாற்றத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஆசாபின் 77ஆம் சங்கீதத்தில் இது கண்ணுக்கு முன்னாலேயே நடக்கிறது. 7 முதல் 9 வரை ஆறு கேள்விகள். தள்ளிவிடுவாரோ, தயைசெய்யாதிருப்பாரோ, இரக்கஞ்செய்ய மறந்தாரோ என்று எல்லாமே படர்க்கை. 11ஆம் வசனம் "கர்த்தருடைய செயல்களை நினைவுகூருவேன்" என்று தொடங்குகிறது. அந்த வசனமே முடிவதற்குள் "உம்முடைய பூர்வகாலத்து அதிசயங்களை" என்று திரும்பிவிடுகிறது. அதற்குப் பிறகு கடைசிவரை பெரும்பாலும் "நீர்"தான். இத்தனைக்கும் ஆசாபின் பிரச்சினை தீர்ந்ததாக ஒரு வரியும் அங்கே இல்லை.

சிறுபிள்ளைகள்கூட மனப்பாடமாகச் சொல்லும் 23ஆம் சங்கீதத்திலும் இது உண்டு. புல்லுள்ள இடங்களில் இருக்கும்வரை "அவர் என்னை மேய்த்து", "அவர் என் ஆத்துமாவைத் தேற்றி." மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்." மேய்ச்சல் நன்றாக இருந்தபோது அவரைப் பற்றிப் பேசின ஆடு, இருட்டில் அவரிடம் பேசுகிறது.

சங்கீதங்கள் 150இல் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் புலம்பல் வகைதான். ஆனால் புது வருஷ ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் அவற்றின் முதல் பாதி வருவதே இல்லை. கடைசி இரண்டு வசனத்தை மட்டும் வெட்டி ரோஜாப்பூப் படத்தோடு போட்டுவிடுகிறார்கள். அதனால் பலருக்கு இது பழக்கமே இல்லாத ஜெபமாகிவிட்டது.

பழகுவதற்கு 13ஆம் சங்கீதம் நல்ல இடம். கத்தோலிக்கத் திருவிவிலியத்திலும் அதே எண்தான், திருப்பாடல் 13. மொத்தம் ஆறே வசனம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" நான்கு தரம் வருகிறது. எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் முகத்தை மறைப்பீர் என்பவை ஆண்டவரை நோக்கியவை. எதுவரைக்கும் எனக்குள்ளேயே ஆலோசனை பண்ணிக்கொண்டிருப்பேன் என்பது தன்னைக் குறித்தது. எதுவரைக்கும் என் சத்துரு உயர்ந்திருப்பான் என்பது மற்றவனைக் குறித்தது. ஆக ஒரு வலிக்கு மூன்று முகம். 3, 4 வசனங்களில் விண்ணப்பம்: நோக்கிப் பாரும், செவிகொடும், கண்களைத் தெளிவாக்கும். 5, 6இல் நம்பிக்கை. அந்த 5ஆம் வசனம் எபிரெயத்தில் "நானோ" என்று அழுத்தி ஆரம்பிக்கிறது. நிலைமை மாறவில்லை, நானோ உமது கிருபையை நம்பியிருக்கிறேன் என்கிற தொனி.

இதை அச்சாக வைத்து உங்கள் புலம்பலை எழுதலாம். ஒரு சாதாரண நோட்டு போதும். போன் வேண்டாம், போனில் எழுதினால் பாதியில் வாட்ஸ்அப் வந்து நிற்கும். இருபது நிமிஷம் ஒதுக்குங்கள், தூங்கப்போகும் நேரமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படுக்கையில் இதை ஆரம்பித்தால் புலம்பல் முடியாது, தூக்கம்தான் போகும். முதலில் 13ஆம் சங்கீதத்தைச் சத்தமாக இரண்டு தரம் வாசியுங்கள். பிறகு தேதி போட்டு, மூன்று முகத்துக்கும் இரண்டிரண்டு வரியாவது எழுதுங்கள். ஆண்டவரிடம் என்ன முறையீடு, எனக்குள் என்ன ஓடுகிறது, யார் அல்லது எது என்னை அழுத்துகிறது. அதன் பிறகு ஒரே ஒரு விண்ணப்பம். கடைசியில் நம்பிக்கையாக ஒரு வரி, அது உண்மையிலேயே வந்தால் மட்டும்.

எழுத உட்கார்ந்ததும் முதலில் வருவது பெரும்பாலும் ஜெபக்கூட்டத் தமிழாக இருக்கும். "பரிசுத்தமுள்ள பிதாவே, இந்தச் சூழ்நிலையிலும் உம்மைத் துதிக்கிறோம்" என்று. அதை அடித்துவிட்டு வீட்டில் பேசுகிற மாதிரி எழுதுங்கள்: "மூணு மாசமாச் சம்பளம் இல்ல. அஞ்சாம் தேதி லோன் கட்டணும். போன் அடிச்சாலே வயித்தைக் கலக்குது. ஆண்டவரே, நீர் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கீரா?" மரியாதை குறைந்துபோகாது. 44ஆம் சங்கீதத்தில் கோராகின் புத்திரர் "ஏன் நித்திரைபண்ணுகிறீர்?" என்றே கேட்கிறார்கள், அதைப் பாடல் புத்தகத்திலிருந்து யாரும் நீக்கிவிடவில்லை.

விண்ணப்பத்தில் சறுக்குவது வேறு விதம். "சமாதானம் தாரும்" என்று எழுதிவிட்டால் அது வந்ததா வரவில்லையா என்று ஆறு வாரம் கழித்தும் தெரியாது. "வியாழக்கிழமை பேங்க் மேனேஜரைப் பார்க்கும்போது கூட்டிக் குறைச்சுப் பேசாம இருக்க உதவி செய்யும், ரெண்டு தவணையைத் தள்ளிப்போட அவர் மனசு இரங்கட்டும்" என்று எழுதினால் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி கிடைக்கும். மறுக்கப்பட்டால் அதுவும் தெரியும், அதைப் பற்றி அடுத்த பக்கத்தில் அவரிடமே கேட்கலாம். கெத்செமனே தோட்டத்தில் இயேசு கேட்டதும் குறிப்பான ஒன்றைத்தான்: இந்தப் பாத்திரம் நீங்கட்டும். மூன்று தரம், அதே வார்த்தைகளில் என்று மத்தேயு எழுதுகிறார். பவுலும் மாம்சத்தில் குத்தின முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டார். இரண்டு பேருக்கும் கேட்டது கிடைக்கவில்லை என்பதை வைத்து அவர்கள் தப்பாகக் கேட்டார்கள் என்று யாரும் சொல்வதில்லையே.

சத்துருவைப் பற்றி எழுதும்போது கை நிற்காது. 109ஆம் சங்கீதத்தையும் 137இன் கடைசி வசனங்களையும் வாசித்தவர்களுக்குத் தெரியும், வேதாகமமே அங்கே எவ்வளவு தூரம் போகிறது என்று. எழுதுங்கள். பழிவாங்கும் ஆசையை அவர் கையில் ஒப்படைப்பதற்கும் ஒரு வழி அது. ஆனால் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டால் அது மறுபடி கூடாரத்து முறுமுறுப்பாகிவிடும். இதன் இன்னொரு வடிவம் குடும்ப ஜெபத்தில் நடக்கும். கண்ணை மூடிக்கொண்டு "ஆண்டவரே, இந்த வீட்டுல சில பேருக்கு நல்ல புத்தி தாரும்" என்று ஆரம்பித்தால், பேச்சு யாருக்குப் போகிறது என்று பக்கத்தில் முழங்காலில் நிற்கிறவருக்கு நன்றாகத் தெரியும்!

கடைசி வரியான நம்பிக்கைக்கு அவசரப்பட வேண்டாம். முதல் நாளே 5ஆம் வசனத்துக்குத் தாவிவிட்டால் முதல் நான்கு வசனமும் உள்ளேயே தங்கிவிடும். 88ஆம் சங்கீதம் கடைசிவரை திரும்பவே இல்லை. எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல் இருள். ஆனால் அதை எழுதின ஏமான் 1ஆம், 9ஆம், 13ஆம் வசனங்களில் மூன்று தரம் ஆண்டவரை நேராகக் கூப்பிடுகிறான், இரவும் பகலும், காலையிலும். வெளிச்சம் வராத அந்தப் பாட்டைச் சபை ஒளித்துவைக்கவில்லை. 1662ஆம் வருஷத்து ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகம் பெரிய வெள்ளி மாலைக்கு அதைக் குறித்திருக்கிறது. கத்தோலிக்கத் துறவியர் வெள்ளிதோறும் இரவு படுக்கப்போகுமுன் அதைச் சொல்கிறார்கள். நம்பிக்கை வரி வராத நாளில் நோட்டில் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு மூடிவிடலாம்.

வாரத்துக்கு மூன்று நாள் போதும். தினமும் ஒரு மணி நேரம் இதையே தோண்டிக்கொண்டிருந்தால் புலம்பல் ஆறாத புண்ணாகிவிடும். இருபது நிமிஷம் முடிந்ததும் எழுந்து கை கால் கழுவி, ஒரு வேலையைப் பாருங்கள். மற்ற நாட்களில் 42, 43ஐச் சேர்த்து வாசிக்கலாம். "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" என்ற வரி 42:5, 42:11, 43:5 என மூன்று முறை வருகிறது. ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றால் முதல் தடவை பதில் ஒட்டவில்லை என்றுதானே அர்த்தம்.

உடம்பைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. 1 இராஜாக்கள் 19இல் எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறான். தூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை, வசனம் சொல்லவில்லை. தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர், தூக்கம். மறுபடி எழுப்பி, மறுபடி சாப்பாடு. நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான் "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வியே வருகிறது. நம் ஊரில் நெருக்கடி வந்ததும் முதலில் சொல்வது உபவாசம். சரியாகத் தூங்கி ஒரு வாரமானவருக்கு, சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு அது ஆபத்து. அவருக்குத் தேவை அடையும் தண்ணீரும்தான்.

இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் மனசு ஒட்டவில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் ஜெபத்தோடு டாக்டரையும் பாருங்கள். மனநல உதவி எண்: இந்தியாவில் டெலி மனஸ் 14416, இலங்கையில் 1926. இரண்டுமே இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். விசுவாசத்தைக் காட்ட மாத்திரையை நிறுத்துவது வேண்டாம். வீட்டில் அடிவாங்குகிறவரிடம் "அது உன் சிலுவை, சுமந்துக்கோ" என்று சொல்வதும் வேண்டாம். இயேசு சிலுவையைத் தாமே எடுத்துக்கொண்டார். இன்னொருத்தரை அடிக்கிற கைக்கு அந்தப் பெயரை வைக்க வேதாகமத்தில் இடமில்லை.

அடுத்தது துணை. ஒருவர் போதும். கெத்செமனேயில் இயேசு பன்னிரண்டு பேரில் மூன்று பேரைத்தான் அருகே அழைத்துப்போனார். அவர்களிடம் கேட்டதும் "என்னோடேகூட விழித்திருங்கள்" என்பதுதான். சபை ஐயரோ, அக்காவோ, கூட வேலை பார்ப்பவரோ, யாரிடம் போனாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "பதில் எதுவும் சொல்ல வேண்டாம், அரை மணி நேரம் கேட்டுக்கிட்டு இருந்தா போதும்." யோபின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் செய்தார்கள். எட்டாம் நாள் காரணம் சொல்ல ஆரம்பித்ததில் கெட்டது. யோபைப்போல நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று 42ஆம் அதிகாரத்தில் ஆண்டவரே அவர்களிடம் சொல்கிறார். அத்தனை அதிகாரம் புலம்பித் தீர்த்தவன் பேசியது சரி, ஆண்டவருக்காக வக்கீல் வேலை பார்த்தவர்கள் பேசியது தப்பு.

பார்க்கப் போகிறவர்கள் விட்டுவிட வேண்டிய ஒரு வாக்கியம்: "தாங்க முடியாத பாரத்தை ஆண்டவர் கொடுக்க மாட்டார்." 1 கொரிந்தியர் 10:13 பேசுவது பாவத்தில் விழத் தூண்டும் சோதனையைப் பற்றி. பாரத்தைப் பற்றி அதே பவுல் 2 கொரிந்தியர் 1:8இல் நேர்மாறாகச் சொல்கிறார்: ஆசியாவில் (அன்றைய ரோம மாகாணம்) வந்த வருத்தம் எங்கள் பலத்திற்கு மிஞ்சினது, பிழைப்போம் என்கிற நம்பிக்கையே அற்றுப்போனது என்று. தாங்க முடியாமல் போனதை அப்போஸ்தலனே எழுதிவைத்திருக்கும்போது நாம் ஏன் மற்றவரைத் தாங்கச்சொல்லி வற்புறுத்த வேண்டும்?

இருட்டான நாட்களில் பெரிய முடிவு எடுக்காதீர்கள் என்பது இயேசு சபைத் துறவியரின் நிறுவனர் லொயோலா இஞ்ஞாசியாரின் விதி. ஆறுதலாக இருந்தபோது தீர்மானித்ததை, ஆறுதல் போன நேரத்தில் மாற்றக் கூடாது. வேண்டுமானால் ஜெபத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். சபையை விடுவது, ஊழியத்தை உதறுவது, கல்யாணத்தை முறிப்பது, எல்லாம் இதில் அடங்கும். உயிருக்கு ஆபத்திருந்தால் மட்டும் விதிவிலக்கு. அப்போது முதலில் வெளியே வந்துவிட வேண்டும்.

ஜெபிக்கவே முடியவில்லை, வறண்டுபோயிருக்கிறது என்பவருக்கு ஸ்பெயின் நாட்டுச் சிலுவை யோவான் மூன்று அடையாளம் சொன்னார். 1577 டிசம்பரிலிருந்து ஏறத்தாழ ஒன்பது மாதம் தன் சொந்தத் துறவற சபையாராலேயே தொலேதோவில் சிறு அறையில் அடைபட்டுக் கிடந்தவர் அவர். ஆண்டவர் காரியத்தில் ருசியில்லை, ஆனால் உலகக் காரியத்திலும் ருசியில்லை. பின்வாங்கிப்போகிறோமோ என்ற கவலை விடாமல் இருக்கிறது. முன்போல யோசித்துத் தியானிக்க வரவில்லை. மூன்றும் சேர்ந்திருந்தால் அது அசட்டையால் வந்த குளிர்ச்சி இல்லை என்கிறார். அசட்டைக்காரனுக்குக் கவலை இருக்காதே. அப்படிப்பட்ட காலத்தில் புதிதாக ஜெபக் குறிப்புகள் தேடி ஓடாமல், பேசாமல் அவர் முன்னால் உட்கார்ந்திருப்பதே போதும்.

எழுதுவதற்கு வார்த்தையே வராதவர்களுக்கு ஒரு வழி. புலம்பல் புத்தகத்தின் முதல் நான்கு அதிகாரங்களும் எபிரெய எழுத்து வரிசையில் கட்டப்பட்டவை, நம் ஆத்திசூடி மாதிரி. எழுத்துகள் 22, அதனால் 1, 2, 4 அதிகாரங்களில் 22 வசனம். மூன்றாவதில் எழுத்துக்கு மூன்றாக 66. "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்ற வரி அந்த 66இல் 23ஆவதாகக் கிடக்கிறது, முடிவில் இல்லை. எரிந்துபோன எருசலேமைப் பார்த்து அழுதவர், அழுகைக்கு எழுத்து வரிசையைக் கரையாகக் கட்டினார். நமக்கு உயிரெழுத்து பன்னிரண்டு இருக்கிறது. "அப்பா" என்று அவரைக் கூப்பிட்டு ஆரம்பித்து, எழுத்துக்கு ஒரு வரி. "எதுவரைக்கும்" ஏழாவதாகத் தானே வந்து உட்காரும். "ஔ" வரும்போது "ஔஷதம்" தவிர வேறு சொல் கிடைப்பது கஷ்டம். மருந்து இன்னும் வரவில்லை என்றால் அப்படியே எழுதுங்கள், ஆனால் "தரவில்லை" என்று முடிக்காமல் "தரவில்லையே நீர்" என்று.